கேமரா மூன்று

ஆறு வாரமாக அவளைத் தெரியும் எனக்கு,
நிறம் மட்டும் தெரியாது.

இரவுக் கேமராவில் எல்லாமே சாம்பல்.
வைக்கோல் சாம்பல், வாளித் தண்ணீர் சாம்பல்,
கண்கள் மட்டும் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள்.
மூயி ரிவரில் அவள்.
சாட்ஸ்வர்த்தில், மூன்றாம் மாடியில் நான்.
நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர்,
ஒரு சுங்கச்சாவடி,
விடிய விடிய மலையேறும் லாரிகள்.

குதிரையை நான் தொட்டதில்லை.
பந்தய நாளில் வேலிக்கு வெளியே நின்று
வியர்வை நாற்றம் பிடித்ததோடு சரி.
ஆனால் ஐந்து கொட்டில், ஐந்து சினைக்குதிரை,
மாலை ஏழு முதல் காலை ஐந்து வரை
என் கண்ணின் பொறுப்பு.

படிவத்தில் எழுதுகிறேன்:
முந்நூற்று நாற்பத்தேழாம் நாள்.
காம்பில் மெழுகு (ஸக்கேலே சொன்னது).
இருமுறை படுத்தாள், இருமுறை எழுந்தாள்,
தன் விலாவைத் தானே திரும்பிப் பார்த்தாள்,
அங்கிருந்து யாரோ கூப்பிட்டது போல.
நிறம் என்ற கட்டம் காலி.
கேட்டால் ஸக்கேலே சொல்லியிருப்பான்.
இத்தனை நாள் பார்த்துவிட்டு அதைக் கேட்பதா?

"பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்பாள் பக்கத்து வீட்டு ராஜேஸ்.
என் இரண்டு பிரசவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
நான் கத்தினேன்.
இவள் தின்றுகொண்டே இருக்கிறாள்.

ஒன்றரைக்கு மின்சாரம் போனது, அட்டவணைப்படி.
பண்ணையில் பேட்டரி உண்டு, எனக்கு இல்லை.
போனில் ஒன்பது சதவீதம்.
நைட்டிமேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
கீழே இறங்கிக் காரில் உட்கார்ந்து
சார்ஜரைச் செருகி எஞ்சினை ஓடவிட்டேன்.
காவல்காரர் டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.
"இந்நேரத்துக்கு எங்கே, ஆண்டி லோகி?"
"எங்கேயும் இல்லை. பிரசவம்."
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு பதினான்கு.
படுத்தாள். எழவில்லை.
வாலடியில் ஏதோ வெளியே வருகிறது.
வெள்ளையாய், ஈரமாய் மினுங்க வேண்டும் அது.
மினுங்கவில்லை.
பனிக்குடம் உடைந்த தடமும் வைக்கோலில் இல்லை.
சாம்பல்மேல் இன்னும் கனத்த சாம்பல்,
வெல்வெட் துணியைச் சுருட்டித் திணித்தது போல.

சிவப்புப் பை என்று ஒன்று உண்டு.
நஞ்சு முந்திக்கொண்டு வந்துவிட்டால்
உள்ளே குட்டிக்கு மூச்சு சில நிமிடம்தான்.
பெயரிலேயே நிறம் இருக்கிறது,
என் திரையில்தான் இல்லை.

நான்காவது ரிங்கில் எடுத்தான்.
"ஸக்கேலே, மூன்றாம் கொட்டில். கத்தரிக்கோலோடு ஓடு.
சிவப்பா என்று பார்."

கதவு திறந்து வெளிச்சம் விழுந்ததும்
கேமரா ஒரு நொடி குருடானது,
வண்ணத்தில் விழித்தது.

செவலை.
அவள் செவலை!
நெற்றியில் கோணலாய் ஒரு வெள்ளை,
வாளி நீலம்,
அவன் ரப்பர் பூட்ஸ் பச்சை,
இத்தனைக்கும் நடுவே
அது.

"குபொம்வு" என்றான்.
சிவப்புக்கு அவர்கள் சொல் எனக்குத் தெரியும்.
"வெட்டுடா" என்று தமிழில் கத்தினேன்,
கார்க் கண்ணாடி அதிர.
அதற்குமுன்பே வெட்டியிருந்தான்.

பிறகு தெரிந்ததெல்லாம் அவன் முதுகுதான்.
போனில் அவன் மூச்சு,
துண்டால் தேய்க்கும் சத்தம்,
ஸுலுவில் யாரையோ திட்டும் சத்தம்,
நெடுநேரம்,
பிறகு ஒரு தும்மல்.
அவனுடையது இல்லை.

நொமாலாங்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.
லாங்கா என்றால் வெயில், சூரியன்.
அதை வைத்தாவது நான் ஊகித்திருக்கலாம்.

டார்ச்சை அணைத்தான். மறுபடி சாம்பல்.
நான்கு குச்சிக் கால்கள் எழப் பார்த்து விழுந்தன,
விழுந்து, இன்னொரு திசையில் எழப் பார்த்தன,
நின்றன.
ஐம்பத்திரண்டு நிமிடம். எழுதிக்கொண்டேன்.
காலிக் கட்டத்தையும் நிரப்பினேன்.
குட்டிக்குத் தனிப் படிவம்.
அதன் நிறம் கேட்க மறந்துவிட்டேன்.

கேமரா நான்கில் இன்னொருத்தி
தன் விலாவைத் திரும்பிப் பார்க்கிறாள்.
மின்சாரம் வர இன்னும் நாற்பது நிமிடம்.
பெட்ரோல் முள்
சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.