குலுக்கக் கூடாது

அட்டைப்பெட்டியில் இரண்டே கட்டளை:
குலுக்கக் கூடாது. உறையக் கூடாது.
வத்தலக்குண்டு மருந்துக்கடையில் வாங்கி
ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் இறக்கி
மடியில் வைத்து மலையேறுவேன்.
வளைவுகள் தொடங்கியதும்
டிரைவர் பிரேக்கை மிதிக்கும் முன்பே
என் கால்கள் மிதிக்கும்.
வாந்தி எடுக்கும் சுற்றுலாக்காரருக்கு
ஜன்னலை விட்டுக்கொடுத்து நகர்ந்தபோதும்
பிளாஸ்க் நகரவில்லை.

மன்னவனூரில் நேர்மாறான பயம்.
தை மாதம் முட்டைக்கோஸ் இலைமேல்
உப்புத் தூவியதுபோல் உறைபனி.
ஐஸ் தேடி அலைந்த அதே மருந்தைக்
கம்பளியில் சுற்றித்
தவிட்டுப் பானைக்குள் புதைத்தேன்.

பெனிட்டா சிஸ்டர் சொன்னாள்:
மருந்துன்னு நினைக்காதீங்க அக்கா, இது ஒரு கூப்பாடு.
ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால்
சிறுநீரகம் கசியவிடும் சின்னஞ்சிறு புரதம்.
முகவரி கிடையாது, எல்லாத் தெருவிலும் போகும்.
காதைக் கடக்கும், காதுக்குக் கேட்காது.
கண்ணைக் கடக்கும், கண் ஏறிட்டும் பார்க்காது.
எலும்புக்குள் மஜ்ஜை மட்டும்
'என்னையா?' என்று திரும்பிச்
சிவப்பணு செய்ய உட்காரும்.

எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
பூண்டுக் காட்டில் எதிர்ச்சரிவிலிருந்து
'ஏ மயிலாத்தா' என்று குரல் வந்தால்
நாற்பது முதுகு குனிந்தே இருக்கும்
ஒன்று நிமிரும்.

சென்றாயனின் சிறுநீரகங்கள் இரண்டும்
குரல் செத்துப்போயின.
கேரட் மூட்டை ஏற்றிய தோள்
ஒரு குடம் தண்ணீருக்கு மூச்சு வாங்கியது.
கீழிமையை இழுத்துப் பார்த்தால்
கழுவிய முள்ளங்கி.

அவருக்குப் பதிலாக அப்போது கூப்பிட்டது
எங்கோ ஒரு எஃகுத் தொட்டியில் வளரும்
சீன வெள்ளெலியின் உயிரணுக்கள்.
மனித உடம்பின் அந்த ஒரு சொல்லை மட்டும்
அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம்.
பூண்டு அறையில் பொறி வைக்கிறவர்
அன்றைக்குச் சிரித்தார்:
'எலி கூப்பிட்டு என் எலும்பு எந்திரிக்குது.'
மறுநாளும் பொறி வைத்தார். அது வேறு.

பிறகு மதுரையில்
என் இடப்பக்கத்தைத் திறந்து ஒன்றை எடுத்து
அவர் வலது அடிவயிற்றில் வைத்தார்கள்.
எனக்குள் மிச்சமிருப்பதற்கு
இரட்டை வேலை, கொஞ்சம் பெருத்துவிட்டதாம்.
போனதைப் பற்றி
நான்தான் எச்சரித்திருக்க வேண்டும்.
அவர் ஒட்டன்சத்திரத்துக் கனத்த காற்றில் பிறந்தவர்.
நான் ஆறாயிரம் அடிக்குக் கீழே
பதினெட்டு வயதுவரை இறங்காதவள்.
பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும் என் குரல்;
பெண் பார்க்க வந்தவர்கள்
காப்பியை வைத்துவிட்டு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழு புள்ளி இரண்டு. ஒன்பது. பன்னிரண்டரை.
ஆவணியில் பதினேழு.
'கொஞ்சம் அதிகம், கவனிக்கணும்' என்றார் டாக்டர்.
பெனிட்டா என்னைப் பார்த்தாள்.
நான் தரையைப் பார்த்தேன்.

நேற்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
கவுஞ்சிவரைக்கும்தான், அரை லோடுதான்.
அந்த ரோட்டில் பள்ளமில்லாத இடம்
பாலம் மட்டும்.
திரும்பி வந்ததும் சோறு வைத்தேன், பேசவில்லை.
இன்றும் பேசவில்லை.
குழம்பு கேட்டார், சட்டியை நகர்த்தினேன்.

இரண்டு போர்வை. ஓட்டுக்கு மேல் பனி.
காற்று இளைத்துக் கிடக்கிறது.
முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்திருக்கிறேன்.

என் முதுகுக்குப் பின்னால்
அவர் அடிவயிற்றில்
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
அது
அவர் எலும்புகளைக்
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.