அயிலைப் பெட்டியில் ஒரு பனிக்காலம்

முப்பது டிகிரி தாண்டினால் துவண்டுவிடும்.
குளிரில் ஒருதரம் செத்தாற்போல் கிடக்காவிட்டால்
தண்டு சிவக்காதாம் இந்த ரூபார்புக்கு.

மறையூர் வெயிலோ
கரும்புக்கு வாக்கப்பட்டது.

பீரான் கடைக்குத் தூக்கிப் போனேன்.
மத்திக்கும் அயிலைக்கும் நடுவே
சாக்கில் பொதிந்து கிழங்கை இறக்கினார்:
"நாற்பது நாள். வாடகை வேண்டா.
கரண்ட் போனா என்னைக் கேக்கப்படாது."

மூன்று தரம் போனது.
மூன்று தரமும் ஐஸ் உடைத்துப் போட்டிருக்கிறார்,
சொல்லவில்லை.

தண்ணீர்த் தொட்டியின் வடக்கு நிழலில் நட்டேன்.
தை பிறந்து ஒன்பதாம் நாள்
கசங்கிய ஓர் இலை,
அடியில்
சுண்டுவிரல் நீளத்துக்குச் சிவப்பு.

தண்டு தின்னலாம், இலை விஷம்
என்று பூனைக்கு எப்படிச் சொல்ல?

விடிந்தால் வந்து குந்திவிடுகிறது,
மண்ணை மோந்தபடி,
மீன் முளைக்குமென்று.