பில் இலக்கம் 4417

இரண்டாம் குறுக்குத் தெருவில்
லொறிக்குச் சரக்கு ஏறும் நேரத்தைப்
பில்லில் எழுதுவது எங்கள் கடை வழக்கம்.
நாட்டாமிமாரோடு வரும் சண்டைக்காக
ஸவாஹிர் நானா தொடங்கிவைத்தது.

4416: சாரம் ஆறு டசின், மாவனல்லை. 10.40.
நானாவின் எழுத்து, எப்போதும்போல்
கோட்டில் கால் படாமல்.

4417: படுக்கை விரி
அவ்வளவுதான்.
'ரி'யின் கொம்பு சரிந்து
தாளைக் கடந்து மேசைவரை போயிருந்தது.
பேனை மடியில் கிடந்தது.
அதை அவர் தேடவில்லை.

"என்ன நானா?"
கொன்சி என்றுதான் கூப்பிடப் பார்த்தார்.
'கொ' வந்தது.
மிச்சத்தை வாயின் இடது பக்கம் மட்டும்
தூக்கப் பார்த்தது.
வலது பக்கம், லீவில் போன ஆள்.

அதற்குள் கடை நிறைய ஆட்கள்.
சீனி குறைஞ்சிருக்கும், தேத்தண்ணி பருக்கு.
ஊசியால விரலைக் குத்து.
வாயுதான், என்று பக்கத்துக் கடைக்காரர்
இஞ்சிக்கு ஆள் அனுப்பினார்.
கொஞ்சம் படுத்தால் சரியாகுமாம்.

கோப்பையைத் தட்டிவிட்டேன்.
பதினாறு வருடச் சம்பளக்காரி
முதலாளியின் தேத்தண்ணியைத் தட்டிவிட்டேன்.
பத்தொன்பது தொண்ணூறு என்று அழுத்தினேன்.

அம்புலன்ஸ் தெருவுக்குள் வராது.
வீராசாமி தன் கைவண்டி மூட்டைகளை
நடுத்தெருவில் கொட்டிவிட்டு
நானாவை ஏற்றினான்.
பில் போடாமல் அந்தக் கடையிலிருந்து
வெளியே போன ஒரே சுமை.

பெரியாஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை
பெயர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை.
"கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவர்?"
பில் புத்தகத்தை விரித்தேன்.
10.40.
அவள் சுவரைப் பார்த்தாள். 11.35.
"நேரம் இருக்கு" என்று
கட்டிலோடு சேர்ந்து ஓடினாள்.

ஸ்கேன். பிறகு, கட்டியைக் கரைக்கும் மருந்து.
நாலரை மணித்தியாலம் போய்விட்டால்
அதைக் கொடுக்கமாட்டார்களாம்.
கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்றவர்கள்
எத்தனை பேரின் நாலரையை
நித்திரையில் கரைத்திருப்பார்கள்.

பிறகு லாச்சியைத் திறந்தேன்.
மார்ச் மாதத்துப் பிரஷர் குளிசை,
அட்டை உடையாமல்.
"தலையிடி இல்லையே பிள்ளை" என்பார்.
பிரஷர் வாசலில் வந்து நின்று கத்தியிருந்தால்
நானா அதனோடும் விலை பேசியிருப்பார்.
அது கத்துவதில்லை.

இப்போது வலது கை மேசையில் சும்மா இருக்கிறது.
இடது கை கூட்டல் பழகுகிறது.
பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது,
என் பெயர் மட்டும் 'கொஞ்சி' என்று.
நான் திருத்துவதில்லை.

போன கிழமை மெயின் வீதி ஃபாமஸியில்
சும்மாதான் கையை நீட்டினேன்.
நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றிநான்கு.
எனக்கும் தலையிடி இல்லை.
கருவாட்டுப் பொதியைப் பையோடு மறைத்துக்கொண்டேன்.

இன்றைய முதல் பில்லின் மூலையில்
என் எழுத்தில் இப்படி இருக்கிறது:
குளிசை, 8.15. ஆட்கள் இரண்டு.
ஏற்றியதற்குச் சாட்சி, வீராசாமி.