இடுப்பளவு நீர்

ஏப்ரலில் வரட்ராசா வந்து இறங்கும்.
நவம்பர் வரை யார் பேச்சையும் கேட்காது.
சகலாவா வளைகுடாவில் காற்றுக்கு அதுதான் பெயர்.

வெளியே, பவளப்பாறை
அலைகளின் கழுத்தை முறித்துப் போடுகிறது.
உள்ளே வந்து சேர்வது வெறும் சலசலப்பு.
விழுந்தால் எழுந்து நிற்கலாம்,
நீர் இடுப்பளவுதான் என்று
மியாங்காலி மூன்று முறை சொல்லிவிட்டாள்.
நான் நான்காவது முறையும் கேட்டேன்.

காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும் நாளில் பாடம் கிடையாது.
நேராகக் கரையில் மோதினாலும் கிடையாது.
கடன் கேட்க வரும் மைத்துனனைப் போல
பக்கவாட்டில் வரவேண்டும்.

அன்ட்சிரனானா துறைமுகத்தில்
சூரை மீன் எடைபோடுவது என் வேலை.
பனிக்கட்டி நீக்கி நாற்பது கிலோ, அறுபது கிலோ,
தராசு பார்க்காமலே சொல்வேன்.
காற்றுக்கு எடை உண்டென்று
முப்பத்தொன்பது வயதுவரை யாரும் சொல்லவில்லை.

தலைக்கு மேல், பன்னிரண்டு மணியில் நிறுத்தினால்
கைட் தூங்கும் கோழி.
பத்து மணிக்குச் சாய்த்தேன்.
கோழி இல்லை அது.

"விடு! பிடியை விடு!"

மீனை நழுவவிட்டால் கூலியில் பிடிப்பார்கள்;
பதினாறு வருடம் அப்படிப் பழகிய கை.
இன்னும் இறுக்கியது.
கடல்புல், மணல், மூக்கில் உப்பு,
ஹெல்மெட்டுக்குள் என் சொந்த அலறல்.
இடுப்பளவு நீர் இடுப்பளவாகவே இருந்தது,
நான்தான் நிற்கவில்லை.

கைட் போய் விழுந்த இடத்தில்
பேய்க்கணவாய் குத்திக்கொண்டிருந்தாள் சோவாசாரா.
ஒன்றும் கேட்கவில்லை.
மூடாத பெட்டிமேல் உட்காருவதுபோல்
அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
இரண்டு கை ஈரமணல் அள்ளிப் போட்டாள்.
அது அடங்கிவிட்டது.

"எத்தனை கிலோ இது?"

"மூன்று" என்றேன்,
தொழில் குரல் தானாக வந்தது.

"உன்னை இழுத்ததெல்லாம் மூன்று கிலோவா?"

கூடையில் இருந்ததை நிமிர்த்தி வைத்துக்கொண்டு
அடுத்த பொந்துக்குப் போய்விட்டாள்.

அதற்குள் நீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.
இதில் விழுந்தால் பாறை பேசும் என்றாள் மியாங்காலி,
கயிறுகளைச் சுற்றிக்கொண்டே.
நாளை ஒரு மணி நேரம் தள்ளி வா.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
கட்டைவிரல் மட்டும்
பேருந்து ஏறும்வரை மடங்கியே இருந்தது.