கடிதத்தின் நான்காம் வரைவு

ஊட்ரம். ஆறாவது மாடி. இரவு ஏழே கால்.
‘அன்புள்ள பெற்றோருக்கு’ வரை யாருக்கும் சிக்கலில்லை.
மூன்று வாரமாக அடுத்த வரியில் நிற்கிறோம்.

‘உங்கள் பிள்ளை பருமனாக உள்ளார்.’
ஹுய் ஷான் அடித்துவிட்டாள்.
‘உங்கள் பிள்ளையின் எடை அதிகம்.’
சட்டப் பிரிவு கேட்டது: எதைவிட?
‘உங்கள் பிள்ளையின் எடை
உயரத்துக்கேற்ற வரம்பைக் கடந்துள்ளது.’
வரம்பு என்றதும்
திடலின் வெள்ளைக் கோடு தெரிந்தது எனக்கு.

தொண்ணூற்று நான்கு, அங் மோ கியோ.
இடைவேளை மணி அடித்ததும்
மற்றவர்கள் கேண்டீனுக்கு,
நாங்கள் பதினோரு பேர் திடலுக்கு.
எங்கள் மன்றத்துக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர்.
பின்னாலிருந்து படித்தால் எங்கள் பட்டப்பெயர்.
முதலில் கண்டுபிடித்தவன் ரஃபி,
அவனும் பதினோரு பேரில் ஒருவன்.
நூறு முறை கயிறு தாண்ட வேண்டும், திரு ஓங் எண்ணுவார்.
வேலி தாண்டி வரும் மீ கோரிங் வாசனைக்கு
எந்த விதியும் கிடையாது.

எடை பார்க்கும் நாளில் வகுப்பே வரிசையில் நிற்கும்.
தாதி வாசிப்பார், ஆசிரியை எழுதுவார்:
ஐம்பத்தொன்று புள்ளி நான்கு.
புள்ளி நான்கையும் ஏன் சொன்னார்கள்?
அதற்குப் பின் வீடு மூன்று முறை மாறினேன்,
பழைய தொலைபேசி எண் ஒன்றுகூட நினைவில்லை.
இது இருக்கிறது.

இருந்தும் இந்தக் கடிதத்தைக்
கிழித்துப் போட என்னால் ஆகாது.
அப்பா பேருந்து ஓட்டினார்.
‘லேசா சுகர்’ என்று பன்னிரண்டு ஆண்டு சொன்னார்,
பிறகு வலது காலில் மூன்று விரல் போயிற்று,
பிறகு கால்.
அவருடைய ஒன்பது வயதில்
யாரும் அந்த வீட்டுக்கு
ஒரு கடிதமும் போடவில்லை.

போன செவ்வாய் செம்பவாங்கில் ஒரு பள்ளி.
நான் ஓரமாக நின்று பார்க்கலாம், பேசக் கூடாது.
தியாஷினி, தொடக்கநிலை நான்கு.
காலணி கழற்றினாள். சொன்னார்கள், சரி.
காலுறை, கைக்கடிகாரம், தலைக்கிளிப்
யாரும் சொல்லவில்லை.
கடைசியில் மூக்குக் கண்ணாடி.
கண்ணாடி எத்தனை கிராம் இருக்கும்?
அதைக் கழற்றிவிட்டால்
எண்ணும் தெரியாது அவளுக்கு.
இரண்டில் எதற்காகக் கழற்றினாள் என்று
இன்னும் யோசிக்கிறேன்.

தாதி ரொஸ்னா
உள்ளங்கையால் திரையை மறைத்தார்.
விரலிடுக்கில் தான் மட்டும் பார்த்து
எழுதிக்கொண்டார்.
‘முடிஞ்சது சாயாங், செருப்பப் போட்டுக்கோ’
என்பதுபோல் ஏதோ மலாயில் சொன்னார்.

அந்தக் கையைக் கொள்கையாக எழுதிப் பார்த்தேன்:
‘பிள்ளையின் காதுபட எடையை வாசித்தலாகாது.’
கூட்டத்தில் தலையாட்டினார்கள்.
நல்ல கருத்து, ஆனால் இது நடைமுறைக் குறிப்பு என்றார்கள்.
இப்போது அது பின்னிணைப்பு மூன்றில், ஏழாம் பத்தியில்,
எறும்பு எழுத்தில் இருக்கிறது.
அடிக்கவில்லையே என்று
ஹுய் ஷான் எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தாள்.
சீனி வேண்டாம் என்றேன்.
இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

நான்காம் வரைவில் வரம்பு அப்படியே இருக்கிறது.
மருந்தக எண்ணைப் பெரிதாக்கினேன்.
சன்னல் வைத்த உறையை மாற்றி
வெளியே ஒன்றும் தெரியாத பழுப்பு உறை கேட்டேன்,
ஒன்றுக்கு இரண்டு காசு கூடுதல்.
காரணம் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்:
இந்தக் கடிதத்தை அஞ்சல்காரர் கொண்டுபோவதில்லை,
பிள்ளைதான் புத்தகப்பையில் கொண்டுபோகிறாள்.

882இல் மேல்தளம் இருந்தால் மேல்தளத்தில்,
இல்லையென்றால் கடைசி இருக்கையில்
பசையை மெதுவாகப் பிரிப்பாள்.
எனக்குத் தெரியும்.

அதனால் கையெழுத்துக்கும் கீழே
ஒரு வரி தட்டினேன்:
‘பேருந்தில் இதைப் படிக்கிற உனக்கு:
இது உன்மேல் எழுதிய புகார் அல்ல.’

ஒப்புதல் கிடைக்காது.
ஐந்தாம் வரைவு திங்கட்கிழமை.