நொண்டியடித்தல்

என் காலை யாரும் வாரவில்லை.
காலே வாரிவிட்டது.
இடப்பக்கம் போவதாய்ப் போக்குக் காட்டி
வலப்பக்கம் திரும்புகிற பழைய தந்திரம்;
கைப்பந்து பிடித்த பன்னிரண்டு வயது முதல்
தூக்கத்திலும் செய்வேன்.
அன்று உடம்பு திரும்பிற்று, இடது பாதம் மறந்துவிட்டது.
உள்ளே ஒரு சத்தம்,
பனியில் விறைத்த படகுக் கயிறு அறுந்ததுபோல.
எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அது கோலானது என்று பிறகு சொன்னார்கள்.

கிளாக்ஸ்விக்கில் அன்று மழை.
இந்தத் தீவில் அதைத் தனியாய்ச் சொல்ல வேண்டியதில்லை.

அறுந்த நாருக்கு மாற்று நாரை
என் தொடையின் பின்புறத்திலிருந்தே உருவினார்கள்.
அடுக்களைக் கதவைக் கழற்றி வாசலுக்கு மாட்டியது மாதிரி.
வாசல் சரியாயிற்று.
அடுக்களையில் இன்னும் காற்றடிக்கிறது.

முதல் மாதம் முழுக்க ஒரே வேலை:
முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டு,
அதைக் கட்டிலோடு அழுத்து, பத்து எண்ணு, விடு.
மூளை கூப்பிடுகிறது,
தொடை எடுக்கவில்லை,
மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஹெர்கைர் என்னைவிட ஆறு வயது சின்னவன்.
சில்லென்ற கைகள். வெள்ளிதோறும் அளவுநாடா.
வலது தொடை ஐம்பத்து மூன்று. இடது நாற்பத்தெட்டரை.
"வீக்கம்?"
"இல்லை."
"பொய்?"
"கொஞ்சம்."
ஐஸ் பையை மடியில் போட்டுவிட்டு
அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவான்.

எதற்கும் ஒற்றைக் காலில் நிற்பவள் என்று
அம்மாவிடம் பெயர் வாங்கியவள் நான்.
நிஜமாகவே நிற்கச் சொன்னான், கண்ணை மூடி, முப்பது விநாடி.
பதினொன்றில் சுவரைப் பிடித்தேன்.

பிறகு சால்மன் ஆலையில், வெட்டுமேசைக்கு அடியில்,
ரப்பர் பூட்சுக்குள்,
மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம்
வலது காலைத் தூக்கிக்கொண்டேன்.
மீன் தலைகள் போய்க்கொண்டிருந்தன, வாயைத் திறந்தபடி.
இருபது. இருபத்தேழு. நாற்பது.

படி ஏறுவது சீக்கிரம் வந்துவிட்டது.
இறங்குவதற்குத்தான் நாலு மாதம்.
எடையைத் தூக்க எவளாலும் முடியும்,
மெதுவாய், மூன்று எண்ணி, நடுங்காமல்
கீழே வைக்கிற இடத்தில் தசை கதறும்.
வீட்டுக்குப் போய் அழுவேன்,
உருளைக்கிழங்கு வேகிற வரைக்கும்.

ஒன்பதாம் மாதம் பரீட்சை.
நொண்டி இல்லை என்று காட்ட
நொண்டியடித்துத் தாண்ட வேண்டும்.
வலதில் நூற்று நாற்பத்திரண்டு.
இடதில் நூற்று முப்பத்தொன்று.
தொண்ணூற்றிரண்டு சதவீதம்! தொண்ணூறு போதும்.
பையில் ஜெர்சி இருந்தது, இஸ்திரி போட்டு.

ஹெர்கைர் மேசை இழுப்பறையைத் திறந்தான்.
விழுவதற்கு முந்தைய கோடையில் எடுத்த பழைய தாள்.
வலது: நூற்று அறுபத்தாறு.
"உன் நல்ல காலும் இளைத்துப் போயிருக்கிறது, ரான்வா.
இளைத்ததை வைத்து இளைத்ததை அளந்திருக்கிறோம்."

கதவை அறைந்துவிட்டு வந்தேன்.
காரில் உட்கார்ந்து அவனைத் திட்டினேன்,
அவன் நாடாவை, அவன் சில்லிட்ட கைகளை.
கண்ணாடியில் மழை வழிந்தது.
இரண்டு தொடைகளும் இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில்.
இத்தனை மாதமும் வலது என்னை ஏற்றிச் சுமந்திருக்கிறது.
அதை ஒருநாளும் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை வலதிலிருந்து தொடங்கினேன்.

இன்று நூற்று அறுபத்து மூன்று, நூற்று ஐம்பத்தெட்டு.
ஹெர்கைர் தாளில் கையெழுத்துப் போட்டு,
பேனா தீர்ந்ததால் இன்னொரு பேனாவில் முடித்தான்.

விளையாட்டரங்கில் ஒருவரும் இல்லை.
இடப்பக்கம் போக்கு, வலப்பக்கம் திருப்பம்,
ஒரே ஒரு தடவை, யாரும் பார்க்காமல்.
ஓட எடுத்த காலை
துடைப்பத்தோடு நின்ற பிரிட்டா நிறுத்தினாள்:
"தரை ஈரம்."

முன்பென்றால் காதில் போட்டிருக்க மாட்டேன்.
பெஞ்சில் உட்கார்ந்து
ஷூ நாடா இரண்டையும் அவிழ்த்து மறுபடி கட்டுகிறேன்.
கோல் பக்கம் காய்ந்துவிட்டது.
நடுவில் இன்னும் மினுக்குகிறது.