தப்பான இடத்தில் ஒரு மூச்சு

சனிக்கிழமை ஏழரை. கிரிம்ஸ்பியில் மழை.
ரிமோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு ராய்ஸ்டன்
"உன் ஆள் வர்றான்" என்கிறார்.
பதினெட்டு வருடமாக என் ஆள் இல்லை
என்பது அவருக்கும் தெரியும்.
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறேன்.

ஐந்தாம் வாரம்.
வானிலை சொல்லும் பெண்,
சமையல் போட்டியில் அழுது பிரபலமானவன்,
குதிரைப் பந்தயக்காரர் போன வாரமே தொண்டைப்புண்ணோடு போய்விட்டார்.
பிறகு டெர்மட் ஹாக்ஸ்வொர்த், கோல்கீப்பர்,
அரையிறுதியில் கால்களுக்கிடையே பந்தை விட்டவன்.
நாடு அவனை அப்படித்தான் அறியும்.
நான் அறிந்தவன்
ரேடியேட்டர் மேல் காலுறை காயப்போடுகிறவன்.

முதலில் பயிற்சிக் காட்சி.
நேப்பிள்ஸிலிருந்து வந்த ஆசிரியை
அவன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து
"இங்கிருந்து" என்கிறாள், "கழுத்திலிருந்து இல்லை."
சட்டைக்கு அந்தப் பக்கம்
குடல்வால் எடுத்த தழும்பு இருப்பது அவளுக்குத் தெரியாது.
"வாயைத் திற. இன்னும். இன்னும்."
திறக்கிறான்.
பத்தொன்பது வருடம் என் மேஜையில்
உப்பு எங்கே என்று கேட்க மட்டும் திறந்த வாய்.
கடைவாயில் தங்கப் பல் மின்னுகிறது.
என் அம்மா விட்டுப்போன பணத்தில் கட்டியது,
தேசமே பார்க்கட்டும்.

"வீட்டில் இசை உண்டா?" என்கிறார் தொகுப்பாளர்.
"சத்தம் உண்டு" என்கிறான்.
அரங்கு சிரிக்கிறது.
ராய்ஸ்டனும் சிரித்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொள்கிறார்.

நான் பாடினேன்.
மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் மெதடிஸ்ட் மண்டபத்தில்
செவ்வாய்தோறும் ஆப்பெரா சங்கம்.
முப்பது பேர், ஒரு பியானோ, அதில் இரண்டு கட்டை ஊமை.
அவன் வெளியே காரில் உட்கார்ந்து
ரேடியோவில் ஆட்ட முடிவுகள் கேட்டுக்கொண்டிருப்பான்.
ஒரேயொரு முறை எனக்குத் தனிப்பாடல் கிடைத்தது.
மூன்று மாதம், பாத்திரம் கழுவிக்கொண்டே பழகினேன்.
எனக்கு ஆஸ்துமா.
நீண்ட அடி ஒன்றில், போர்த்தா என்ற சொல்லுக்கு நடுவே
(இத்தாலியில் கதவு)
மூச்சு தீர்ந்துபோகும்.
குழாயை மூடுவேன், மறுபடி முதலிலிருந்து.
அவன் நாளிதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்புவான்.

விளக்கு மங்குகிறது. வயலின்கள்.
கோட்டு தோளில் இறுக்குகிறது.
கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
பந்துக்குக் காத்திருப்பவன்போல்
சற்று விரித்து வைத்திருக்கிறான்.
நாலே சுரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது
என்ன பாட்டு என்று.

குரல் மோசமில்லை. மேலே தகரம்,
அடியில் ஏதோ கனம்.
ராய்ஸ்டன் ரிமோட்டைக் கீழே வைக்கிறார்.
நீண்ட அடி வருகிறது.
ஏறுகிறான். நெற்றியில் நரம்பு.
போர்
                     எடுத்தான்.
நடுச்சொல்லில், அவசரமாய், ஈரமாய்,
இன்ஹேலர் தேடும் நெஞ்சின் அந்தச் சின்னச் சீழ்க்கையோடு
                     த்தா.

தாடிக்கார நடுவர் பேனாவைத் தட்டுகிறார்.
"சொல்லைப் பிளந்துவிட்டீர்கள், ஹாக்ஸ்வொர்த்.
உங்கள் நுரையீரலுக்கு அந்த அடி ஒன்றுமே இல்லை.
ஏன் அங்கே எடுத்தீர்கள்?"
முன்வரிசையில் ஆசிரியை
தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.
அவன் தோளைக் குலுக்குகிறான்.
"அந்தப் பாட்டு அப்படித்தான் போகும்னு நினைச்சேன்."
ஆறு. ஐந்து. ஆறு.

"பாவம்" என்கிறார் ராய்ஸ்டன். "ஓட்டுப் போடலாமா?"
"காசு பிடிப்பாங்க" என்கிறேன்.
சட்டையின் ஒரு கையைத்தான் தேய்த்திருக்கிறேன்.
பெட்டி ஆறிவிட்டது.
வானிலைப் பெண் ஜெயிப்பாள்.
நாளைக்கும் மழை என்பதை
சிரித்தபடி சொல்லத் தெரிந்தவள்,
ஜெயிக்கட்டும்.

ராய்ஸ்டன் டீ போட எழுந்து போகிறார்.
அடுக்களையில் குழாய் ஓடுகிறது,
தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம்.
"சர்க்கரை எங்கே?" என்கிறார்,
பதினொரு வருடமாக அதே டப்பாவில் இருக்கும் சர்க்கரையை.